மாமு, ஃப்ரீயா?

மாமு,

எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நேற்றுச் சாயந்திரம் திருவொற்றியூரில் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரையோடு பிஸ்கட்டும் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, "இது சுகர் ஃப்ரீ சார். ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு ஃப்ரீ. முதல் ஃப்ரீயில் சர்க்கரை இல்லை, இரண்டாவது ஃப்ரீயில் காசு இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாய். "அந்த மூணாவது பாக்கெட்ல சக்கரைய ஃப்ரீயா குடுப்பீங்களா, இல்ல அதுலயும் கெடையாதாம்மா?" என்று கேட்டு அந்த அம்மாவைப் பேஜார் பண்ணியிருப்பாய். நான் பேசாமல் மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாக்கெட் இப்போது மேசை மேல் இருக்கிறது. ஒன்றைப் பிரித்துத் தின்று பார்த்தேன். அட்டையைத் தின்பது போல இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறான். எஃப், ஆர், ரெண்டு ஈ. இந்த நாலு எழுத்தை எட்டு வருஷமாக நான் என் கையால் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும். உன் பேரில் ஒரு பழி கிடக்கிறது, அதைப் போட்டவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி எங்கே போடுவது என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

மணலியில் அந்த டேங்கர் யார்டில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நீ வெல்டர், நான் கிளார்க். கிளார்க் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. எந்த வண்டி வந்தது, எது லோடுக்குப் போகிறது, எது ரிப்பேருக்கு நிற்கிறது என்று நோட்டில் எழுதுவது. பெட்ரோல் இறக்கிவிட்டு வரும் டேங்கரில் ஒரு சொட்டு இருக்காது, ஆனால் உள்ளே கேஸ் நிற்கும், வெடிக்க ஒரு பொறி போதும். அதனால் ரிப்பேருக்கு வந்த வண்டியில் முதலில் ஸ்டீம் விட்டுக் கழுவுவார்கள். அப்புறம் டெஸ்ட் பார்ப்பவர் மீட்டர் வைத்துப் பார்ப்பார். கேஸ் இல்லை என்று தெரிந்தால் டேங்கின் பின்பக்கம் சாக்பீஸால் கேஸ் ஃப்ரீ என்று இங்கிலீஷில் எழுதி, கீழே தேதியும் கையெழுத்தும் போடுவார். அதை நான் டெஸ்ட் நோட்டில் ஏற்றிக்கொள்வேன். அதற்கு அப்புறம்தான் நீ நெருப்பு வைக்கலாம்.

சேர்ந்த முதல் நாள் நீ வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னாயாம், வண்டியெல்லாம் கேஸ் ஃப்ரீ ஆன பிறகுதான் நம்ம வேலை என்று. கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "ஃப்ரீயா குடுக்கறாங்களா? அப்ப நம்ம வூட்டுக்கும் ஒரு சிலிண்டர் கேளுய்யா." மறுநாள் டீக்கடையில் இதை நீ சொல்லிச் சிரித்தபோது டீ புரையேறி என் சட்டையெல்லாம் ஆனது. அப்புறம் சட்டென்று யோசனையாகிவிட்டாய். "அவ கேக்கறதுலயும் ஞாயம் கீது மாமு. ஃப்ரீன்னா குடுக்கறதா, இல்லாததா?" என்றாய். காலேஜில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். டீக்குக் காசைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த விளையாட்டு. புதுசாக ஒரு ஃப்ரீ கொண்டுவந்தவனுக்கு மற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, அரை மணி கழித்துத் தட்டி, "ஃப்ரீ ஆயிடுச்சு பாரு" என்று நீ என்னிடம் ஒரு டீ வாங்கினாய். இறக்கத்தில் கியரைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஃப்ரீயில் விடுகிற டிரைவரைக் காட்டி நான் ஒன்று வாங்கினேன். கஸ்தூரி வண்ணாரப்பேட்டையில் நைட்டி வாங்கப் போனபோது கடைக்காரர் ஃப்ரீ சைஸ் என்றாராம், இவள் இலவசம் என்று நினைத்து இரண்டாகக் கேட்டாளாம். அதற்கு உனக்கு ஒரு டீயும் ஒரு சமோசாவும். ஒருநாள் வயிற்று வலி என்று டாக்டரிடம் போய் வந்தாய். முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, "மோஷன் ஃப்ரீயா போவுதான்னு கேக்கறாரு மாமு. காசு குடுத்தா போவேன்" என்றாய். இத்தனைக்கும் அது நம் பாஷை வார்த்தை கூட இல்லை. "வெள்ளைக்காரன்கிட்ட வார்த்தைக்குப் பஞ்சம் மாமு. ஒரே சட்டைய துவைச்சுத் துவைச்சு கல்யாணத்துக்கும் போட்டுக்கினு போறான், சாவுக்கும் போட்டுக்கினு போறான்" என்பாய்.

ஆனால் ஒரு ஃப்ரீ வெள்ளைக்காரனுடையது இல்லை. அதை நம் ஊரில்தான் செய்தார்கள். ஒருமுறை வண்டி நம்பரை மாற்றி எழுதிவிட்டேன் என்று ஓனர் என்னை டிரைவர்கள் முன்னால் வைத்து நாறடித்தார். நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். நீ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வந்து என் தோளில் கை போட்டாய். "ஃப்ரீயா வுடு மாமு. அவன் வூட்ல அவன இன்னா சொன்னாங்களோ, இங்க வந்து எறக்கிட்டுப் போறான்." இந்த ஃப்ரீயை இங்கிலீஷ்காரனிடம் சொன்னால் புரியுமா என்று கேட்டேன். "அவன் எதையும் வுட மாட்டானே, அவனுக்கு எப்டிப் புரியும்" என்றாய். உன் கையிலிருந்து கருகின இரும்பு வாசனை அடித்தது. அதற்கு டீ வாங்கித் தந்தது நான்தான்.

இப்படி எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு திரிந்தாலும் வேலையில் நீ வேறு ஆள். "ரொம்பின வண்டிகிட்ட எல்லாரும் பயப்படுவானுங்க. காலி வண்டிகிட்ட ஒருத்தனும் பயப்பட மாட்டான். அதான் மாமு டேஞ்சர்" என்பாய். ஒருநாள் டேங்கில் எழுத்து இருந்தது, தேதி இல்லை. டெஸ்ட் பார்ப்பவர் வெளியே போயிருந்தார். டிரைவர் அவசரம் என்று கத்தினான், உன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். நீ ராடைக் கீழே வைத்துவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்து பீடி கூடப் பற்ற வைக்காமல் இரண்டு மணி நேரம் இருந்தாய். அவர் வந்து மறுபடி மீட்டர் வைத்து, தேதி போட்ட பிறகுதான் எழுந்தாய். இதைப் பார்த்த சாட்சி நான். இந்த ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லியிருந்தால் கூடப் போதும்.

நாளாவட்டத்தில் டெஸ்ட் பார்ப்பவர் சோம்பேறியாகிவிட்டார். கேஸ் என்பதை விட்டுவிட்டு ஃப்ரீ என்று மட்டும் எழுத ஆரம்பித்தார். எல்லாருக்கும் புரிந்தது, யாரும் கேட்கவில்லை. நீயும் கேள்வியைச் சுருக்கிவிட்டாய். வண்டியைக் காட்டி, நோட்டில் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, "மாமு, ஃப்ரீயா?" என்பாய். நாலு மணி ஆனால் டீக்குக் கூப்பிடவும் அதே கேள்விதான். "மாமு, ஃப்ரீயா?" ஒரே குரல். நாம் ரசித்து ரசித்துச் சிரித்த வார்த்தை, எத்தனை அர்த்தம் என்று எண்ணிக்கொண்டிருந்த வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இப்படி ஏமாந்தோம் பார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணி இருக்கும், ஓனர் போன் பண்ணினார். திடீரென்று லோடு வந்திருக்கிறது என்றார். "எந்தெந்த வண்டி ஃப்ரீயா கீதோ அதுல மார்க் பண்ணி வெச்சிடு. டிரைவருங்க வந்து பார்த்து எடுத்துக்கட்டும்." நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நாலு வண்டி நின்றது. நாலுக்கும் நோட்டில் வேலை இல்லை, லோடு இல்லை. நாலின் பின்பக்கமும் எழுதினேன். எஃப், ஆர், ரெண்டு ஈ. மூன்றாவது வண்டியில் மட்கார்டு பிராக்கெட் உடைந்திருக்கிறது என்று டிரைவர் காலையில் உன்னிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. அது ஸ்டீம் விடாத வண்டி.

எழுதிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். ஓனர் மறுபடி லைனில். வண்டி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன், வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னாலிருந்து உன் குரல்.

"மாமு, ஃப்ரீயா?"

மணி நாலு ஆகப் போகிறது. டீக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். திரும்பவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "ஃப்ரீதான் மாமு" என்றேன்.

"இதோ வரேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். சிரித்திருப்பாய். "டேங்கக் கேட்டா நீ டீயச் சொல்றியே" என்று அடுத்த ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஓனர் காத்துக்கொண்டிருந்தார்.

நீ அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறாய். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, எழுதினவன் கையும் வேறு என்று கண்டுகொண்டிருக்கிறாய். அதனால்தான் கேட்டாய். சரியான ஆளைத்தான் கேட்டாய், டெஸ்ட் நோட்டு என்னிடம்தானே இருந்தது. ஒரு வெல்டர் செய்ய வேண்டியது அத்தனையும் நீ செய்தாய்.

மீதியை உனக்கு எழுத வேண்டியதில்லை. சத்தம் எர்ணாவூரில் உன் வீடு வரைக்கும் கேட்டதாம். கஸ்தூரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம், எந்தக் கம்பெனியிலோ ஏதோ என்று நினைத்து மிச்சத் துணியையும் காயப்போட்டுவிட்டுத்தான் இறங்கினாளாம். நான் ஷெட்டுக்குள் இருந்ததால் எனக்குக் காது மட்டும் போனது, அதுவும் இடது காது மட்டும். மறுநாள் கவர்மென்ட் அமரர் ஊர்தியில் உன்னைக் கொண்டுவந்தார்கள். நான் டிரைவர் கையில் ஏதோ கொடுக்கப் போனேன். "இது ஃப்ரீ சர்வீஸ் சார், வேணாம்" என்று கையைத் தள்ளிவிட்டார். புதுசாக ஒரு ஃப்ரீ. அடப்பாவி, அந்த நிமிஷத்திலும் உன் பக்கம் திரும்பினேன், சொல்வதற்கு. மூலக்கொத்தளத்தில் உன் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உன்னை வைத்தோம்.

அதிகாரி விசாரிக்க வந்தபோது சாக்பீஸ் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. எரிந்தது போக மிச்சத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார்கள். ஓனர் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போனவன் போயிட்டான், இருக்கறவன் இருக்கணும்." அந்த அதிகாரி நல்ல மனுஷன். மிரட்டவில்லை. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாகக் கேட்டார்.

"வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி அவர் யார்கிட்டயாவது கேட்டாரா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் மாமு. இரண்டு வார்த்தை. பயம். வேறு காரணம் ஏதாவது சொன்னால் அதுவும் பொய். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து ஓனர் வேறு பெயரில் யார்டைத் திறந்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

கஸ்தூரி துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். இப்போது பொம்பளைகளுக்கு பஸ் ஃப்ரீ, உன் காலத்தில் இல்லாத ஃப்ரீ. மாதம் ஒருமுறை நான் உன் வீட்டுக்குப் போவேன். போகும்போதெல்லாம் உன் போட்டோவைப் பார்த்து அவள் ஒரு பாட்டு வைத்திருக்கிறாள். "ஒரு வார்த்த. யாரையாவது ஒரு வார்த்த கேட்டுட்டு வெச்சா இன்னா இந்த ஆளுக்கு? அவசரம். எல்லாத்துலயும் அவசரம்." நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடிப்பேன். உன் மகள் கேஸ் அடுப்பை அணைக்க மறந்தால், "அப்பன் புத்தி." சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால், "அப்பன் புத்தி." தேதி போடாத எழுத்தை நம்பாமல் இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தவன் நீ. உன் வீட்டில் மறதிக்கும் அவசரத்துக்கும் உன் பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் உன் மகள் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை விட்டுவிட்டுப் போய், திரும்பி ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனாளாம். என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னா பண்றது மாமா, எங்கப்பா ரத்தம்." உன்னைப் போலவே சிரிக்கிறாள். முடியை ஃப்ரீயாக விட்டுக்கொண்டு திரிகிறாள், அதற்கும் அம்மாவிடம் திட்டு. அவள் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. எட்டு வருஷம் கஸ்தூரி சொன்னதைத் தாங்கினவன், இதைத் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். மகள் வீட்டில் இல்லை. கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் படியில் உட்கார்ந்தேன். காபி போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

"கஸ்தூரி, அன்னிக்கு அவன் கேட்டான்."

"இன்னா கேட்டாரு?"

"ஃப்ரீயான்னு கேட்டான். என்னத்தான் கேட்டான். டீக்குக் கூப்பிடறான்னு நெனச்சிகினு நான் ஃப்ரீதான்னு சொல்லிட்டேன். டேங்க்ல எழுதினதும் நான்தான். லோடுக்கு ஃப்ரீன்னு எழுதினேன், அவன் கேஸ் ஃப்ரீன்னு எடுத்துக்கினான்."

அவள் கை நின்றது. விரலில் ஒரு நெத்திலித் தலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு, "பொண்ணு அன்னிக்கு அப்டி சொன்னிச்சே, அத மனசுல வெச்சிகினு சொல்றியாண்ணா?" என்றாள்.

"இல்ல. நெசம்."

"செத்துப்போன ஆளுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கணும்னு நீ ஏன் உன் மேல போட்டுக்கற. உனக்கு நல்ல மனசுண்ணா."

எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விடக் கூடாதா என்று இருந்தது. விடாமல் சொன்னேன். ஓனர் போன் பண்ணினது, நாலு வண்டி, சாக்பீஸ், தேதி இல்லாத எழுத்து, நான் திரும்பிப் பார்க்காதது, அதிகாரியிடம் சொன்ன இரண்டு வார்த்தை, எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, உன் போட்டோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், வீட்டைவிட்டுப் போ என்பாள் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் போயிருந்தேன்.

"எட்டு வருசமா அந்த ஆளத் திட்டிக்கினு கீறேன்" என்றாள். "தெனம் திட்றேன். அவசரப்பட்டுப் பூட்டாருன்னு ஒரு கோவம் கீதே, அத வெச்சிகினுதான் ஓட்டிக்கினு வந்தேன். கேட்டுட்டுதான் வெச்சாருன்னா, நான் திட்டினதெல்லாம் இன்னா ஆவறது? இனிமே அந்த மொகத்த நான் எப்டிப் பார்க்கறது?"

நான் படியிலிருந்து எழப் போனேன்.

"வேணாண்ணா. நீ சொல்லல, நான் கேக்கல. பொண்ணுகிட்டயும் சொல்லாத." மறுபடி நெத்திலித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். "ஃப்ரீயா வுடு."

உன் வார்த்தை மாமு. உன் இழுப்பு கூட மாறவில்லை. அதை யாராவது எனக்குச் சொன்னால் என்னைப் பிடித்திருப்பதெல்லாம் கழன்று விழுந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் கழலவில்லை. அங்கேயே சாப்பிடச் சொன்னாள். நெத்திலிக் குழம்பு, சோறு. சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை வருஷம் நான் சொல்லாததால் நீ அவசரக்காரன். இப்போது சொன்ன பிறகும் நீ அவசரக்காரன்தான். உன் மகள் தன் பிள்ளைகளிடமும் தாத்தா ரத்தம் என்று சொல்லிச் சிரிப்பாள். நான் இருக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

யார்டில் இப்போது காலி வண்டி மேல் நான் தமிழில்தான் எழுதுகிறேன், லோடு இல்லை என்று. டிரைவர்கள் சிரிக்கிறார்கள். நல்ல காது வலதுதான், அதனால் வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்வதில்லை. யாராவது ஃப்ரீயா என்று கேட்டால் போனை வைத்துவிட்டு, எழுந்து, அவன் நிற்கிற இடத்துக்கே நடந்து போய், எதைக் கேட்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நேற்று நாலு மணிக்கு இப்போதைய வெல்டர் மூன்றாவது வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார். அத்தனை தூரம் நடந்து போய், எது ஃப்ரீயா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"டீக்குத்தாண்ணே கேட்டேன். வேற எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றார்.

நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், மாமு.